யெனோ போத்னார் அவர்களுக்கு நாம் வாசிக்கும் இரண்டாவது மடல்

ஹங்கேரி நாட்டின் திசா ஆற்றங்கரையில் தோன்றி, ஆஸ்திரியா, சைப்பிரஸ், துனீசியா எனும் தேசங்களில் தடம் பதித்து, பனி பொழியும் மொன்றியல் மாநகரில் பந்தும் பண்பும் பயிற்றுவித்து, வடதாரகை விளையாட்டுக் கழகத்தின் வழிகாட்டியாய் ஒன்பது ஆண்டுகள் ஒளிர்ந்து, இன்று ஓய்வுபெற்றுத் தாயகம் திரும்பும் உதைபந்தாட்டப் பயிற்றுநர், பெருமதிப்புக்குரிய திரு. யெனோ போத்னார் அவர்களுக்கு, கழகத்தின் தலைவரும் ஆட்டக்காரரும் அங்கத்தவரும் மனமுவந்து வாசித்தளிப்பது.

பந்தின் பாதையைப் பார்வையால் அளந்த பண்பாளரே!

தங்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனபடியால் தங்கள் அருகில் அமர்ந்திருக்கும் அல்போன்சம்மா அக்கா இதை வரிக்கு வரி தங்கள் காதில் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டிருக்கிறார். தங்கள் மாடிக்குக் கீழ்வீட்டில் குடியிருப்பவர், குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்ப்பவர், எதையும் மெல்லமாகச் சொல்லிப் பழகியவர். அவருக்காகவே நானும் நிறுத்தி நிறுத்தி வாசிக்கிறேன். இந்தக் கழகத்தின் செயலாளனாகிய அருமைராசா என்னும் நான், இந்நகரில் கலியாண வாழ்த்து முதல் இறந்தவர் நினைவாக அச்சிடும் அந்தியேட்டிக் கல்வெட்டு வரை அத்தனையும் எழுதித் தருபவன் என்பது சபையோர் அறிந்ததே. புகழுரைக்கு என் பேனா ஒருநாளும் வற்றியதில்லை. இந்த மடலுக்குத்தான் மூன்று கிழமை, இருபத்தொரு நாள் எடுத்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதாம் ஆண்டு ஒக்டோபர் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்க்கிறோம். சென்ட் லோரன்ட் பூங்காவில், தொழிற்சாலைச் சப்பாத்தோடு, பத்தொன்பது பேர் ஒரு பந்தைத் துரத்திக்கொண்டிருந்தோம். கம்பிவேலிக்கு அப்பால் பாணும் வெங்காயமும் தின்றுகொண்டு நின்ற தாங்கள் பிரெஞ்சில் ஏதோ சத்தம் போட்டீர்கள். அரசாங்க வகுப்பில் ஆறு மாதம் பிரெஞ்சு படித்தவன் என்பதற்காக என்னைப் பிடித்து முன்னே தள்ளினார்கள். "பத்தொன்பது பேருக்கும் பந்து வேண்டும் என்றால் பத்தொன்பது பந்து வாங்குங்கள், எதற்கு இந்தச் சண்டை" என்று கேட்டீர்கள். பிறகு படலை வழியாக உள்ளே வந்து, ஒவ்வொருவர் தோளையும் பிடித்து, நீ இங்கே, நீ அங்கே என்று நிறுத்திவைத்தீர்கள். அன்று நிறுத்திய இடத்தில்தான் இன்றும் பலர் விளையாடுகிறோம்.

தடைகளைத் தாண்டித் தரணி அளந்த தகையாளரே!

தங்கள் வரலாற்றைத் தாங்கள் ஒரே மூச்சில் சொன்னதே இல்லை. பயிற்சி முடிந்து கூம்புகளைப் பொறுக்கி அடுக்கும்போது ஒவ்வொரு துண்டாய் விழும். இரவில் புகையிரதப் பட்டறையில் வேலை, பகலில் உள்ளூர் அணியில் ஆட்டம் என்று இளமையில் ஓடியதையும், நித்திரையில்லாத ஒரு நாளில் முழங்கால் திரும்பி ஆட்டம் முடிந்துபோனதையும் அப்படித்தான் அறிந்தோம். ஐம்பத்தாறில் புரட்சியால் நாடு கலங்கியபோது, அந்தப் பழுதான முழங்காலோடு எல்லையை நடந்தே கடந்தீர்கள். வியன்னாவில் சிறுவர்களுக்கும், சைப்பிரஸில் துறைமுகத் தொழிலாளருக்கும், துனீசியாவில் ஒரு கழகத்துக்கும் ஆட்டம் பழக்கினீர்கள். அறுபத்தேழில் இந்நகருக்குத் தங்களை அழைத்துவந்த அணி இரண்டே வருடத்தில் கலைந்தது. அதன்பின் இருபது வருடம் இந்நகரின் அஹுன்ட்சிக் பகுதியில் ஒரு பனிச்சறுக்கு அரங்கின் காவலராக மற்றவர்களின் விளையாட்டுக்குக் கதவு திறந்துவிட்டீர்கள். எங்களை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்த அன்று, தங்கள் கையில் அந்த அரங்கின் சாவிக்கொத்து இருந்தது. எனக்கு அது இன்னும் கண்ணில் நிற்கிறது.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணி என்றால் ஆறு மணி. கோடையில் பூங்கா, குளிர்காலத்தில் பள்ளிக்கூட மண்டபம். தாங்கள் கற்ற தமிழ்ச் சொற்கள் ஐந்து. ஓம், மெல்ல, பேந்து, சாப்பிட்டியா, நித்திரை கொண்டியா. இவற்றுள் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் பேந்து என்பது தங்களுக்குப் பிடிக்காத சொல். யாரைக் கூப்பிட்டாலும் "பேந்து வாறன் கோச்" என்றே பதில் வரும். "பேந்து இல்லை, இப்ப" என்று ஆறாவது சொல்லையும் எங்களிடமிருந்தே பறித்துக்கொண்டீர்கள். கடைசி இரண்டையும் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் கேட்பீர்கள். சாப்பிடவில்லை என்றவனுக்குப் பையிலிருந்து பாண் வரும். நித்திரை கொள்ளவில்லை என்றவன் அன்று ஓடக்கூடாது, உட்கார்ந்து பார்க்க மட்டுமே அனுமதி. தொழிற்சாலைகளில் பகல் முறையும் இரவு முறையுமாய் வேலை செய்து, அகதி வழக்குக்கும் ஊருக்கும் பணம் அனுப்பி, நாலு பேர் ஓரறையில் மாறி மாறிப் படுத்த எங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவர் இந்நகரில் வேறொருவர் இல்லை.

இவ்வளவும் வழமையான மடலுக்கு உரியவை. இனி வருவது வேறு.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு கோடைச் சுற்றுப்போட்டியின் அரையிறுதி ஆட்டம். எதிரே ரொறன்ரோவிலிருந்து வந்த அணி. எங்கள் தலைமை ஆட்டக்காரர் மகேந்திரராசா, கோல் அடிப்பதில் இந்நகரில் நிகரில்லாதவர், மருந்துத் தொழிற்சாலையில் பதினாறு மணி நேரம் நின்றுவிட்டு நேரே மைதானத்துக்கு வந்திருந்தார். வழக்கம்போல நித்திரை கொண்டியா என்று கேட்டீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. அவரை மைதான ஓரத்து வாங்கில் இருத்திவிட்டு மற்றவர்களை இறக்கினீர்கள். ஒன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றோம். கார்களில் குடும்பம் குடும்பமாக வந்திருந்த சனம் தங்களைத் திட்டியது. தமிழில் திட்டியதால் தங்களுக்குப் புரியாது என்று நாங்கள் ஆறுதல்பட்டோம்.

அடுத்த கிழமை செயற்குழு கூடியது. தங்களை நிறுத்துவதென்று முடிவாயிற்று. ஆனால் அதை முகத்துக்கு நேரே சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை. எங்கள் சனம் அப்படித்தான், ஐயா. ஒருவரை அனுப்ப வேண்டுமென்றால் மாலை போட்டுத்தான் அனுப்புவோம். தங்களுக்கு வயது அறுபத்தைந்து ஆகியிருந்தது வசதியாய்ப் போயிற்று. ஒக்டோபர் பதினாலாம் திகதி, சனிக்கிழமை, தேவாலயத்துக் கீழ்மண்டபத்தில் விழா எடுத்து, பொன்னாடை போர்த்தி, சட்டம் போட்ட பாராட்டு மடல் ஒன்றைக் கையில் தந்தோம். "ஓய்வெனும் நிழலில் இளைப்பாறி இன்புறுக என்று விடை தருகின்றோம்" என்பது அதன் கடைசி வரி. எழுதியவன் நான். அன்று ஒரே இரவில் எழுதி முடித்தேன்.

இன்னுமொன்றைச் சொல்லாவிட்டால் இந்த மடலும் அந்த மடலாகிவிடும். தங்களுக்குப் பின் பயிற்றுநராக வரவிருந்தவனும் நான்தான். பள்ளிக்கூட அணியில் இரண்டு வருடம் ஆடிய பெருமையில் எனக்கு அந்த ஆசை வந்திருந்தது. புது விசில் ஒன்றும் வாங்கி வைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் விசிலோடு பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்தேன். வாசலில் தாங்கள் நின்றீர்கள். கழுத்தில் நாங்கள் போர்த்திய பொன்னாடை, குளிருக்கு இரண்டு சுற்று சுற்றி. ஒரு கையில் கூம்புகள், மறு கையில் பாண் பை. ஒவ்வொருவரையும் சாப்பிட்டியா என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். விழாவின் கருத்தை இந்த மனிதர் விளங்கிக்கொள்ளவில்லை, நன்றி சொல்லி இன்னும் நல்லாய்ச் செய்யச் சொல்லியிருக்கிறோம் என்று நினைத்துவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன். தலைவர் கணேசலிங்கம் என்னை மூலைக்கு இழுத்தார். கழகத்தில் எல்லோருக்கும் நான் மாஸ்டர்.

"மாஸ்டர், நீங்கள் சொல்லுங்கோ."

"நான் என்னெண்டு சொல்லுறது? நீங்கள்தானே தலைவர்."

"உங்களுக்குத்தானே பிரெஞ்சு தெரியும்."

நாங்கள் இப்படி இழுபட்டுக்கொண்டிருக்கையில் என் கழுத்தில் தொங்கிய விசிலைத் தாங்கள் கண்டுவிட்டீர்கள். முகமெல்லாம் மலர்ந்தது. "நல்லது, இரண்டாவது விசில் வேண்டுமென்று எத்தனை நாள் கேட்டேன். பின்வரிசைக்காரரை நீ எடு" என்றீர்கள். அன்றிலிருந்து மூன்று வருடம் நான் தங்கள் துணைப் பயிற்றுநன். உதைபந்தாட்டத்தைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாதென்பது முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. தாங்கள் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

அந்த மூன்று வருடமும் எங்கள் பொற்காலம். தொண்ணூற்றேழில் கிண்ணம் வந்தது. இறுதி ஆட்டத்தின் இரண்டு கோலும் மகேந்திரராசாவுடையவை. ஆட்டத்துக்கு முதல்நாள் அவர் லீவு போட்டுப் படுத்திருந்தார். கிண்ணத்தோடு காரில் திரும்புகையில் அவர் என்னிடம் சொன்னதை இங்கே பதிகிறேன். "அரையிறுதி அண்டைக்கு நீங்கள் எல்லாரும் கோச்சை ஏசிக்கொண்டு நிண்டியள். நான் அந்த வாங்கிலயே இருந்தபடி நித்திரையாப் போனன். எதிராளி கோல் அடிச்ச சத்தத்திலதான் முழிச்சனான். என்னை இறக்கியிருந்தா அண்டைக்கே என்ர கால் முடிஞ்சிருக்கும், மாஸ்டர்."

அந்தப் பொன்னாடையைத் தாங்கள் எல்லாக் குளிர்காலமும் கட்டி வந்தீர்கள். ஓரமெல்லாம் நூல் விட்டுவிட்டது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும்.

இந்தக் கோடை முடிவில், தூரத்துக் கோல் கம்பத்தடியில் நிற்பவர் யாரென்று கண்ணுக்குத் தெரியவில்லை, இனிப் போதும், திசாக் கரையில் இருக்கும் தங்கையிடம் போகிறேன் என்றீர்கள். மடலுக்குத் திகதிகள் கேட்டு எழுத மூன்று கிழமைக்கு முன் தங்கள் வீட்டுக்கு வந்தேன். சுவரில் பழைய மடல் தொங்கியது. சட்டத்தின் கீழ்ப்புறம் கண்ணாடிக்குள் ஒரு சிறு தாள், கையெழுத்தில் பிரெஞ்சு. என் மடலின் மொழிபெயர்ப்பு. எழுத்து அல்போன்சம்மா அக்காவுடையது. அடியில் திகதி, தொண்ணூற்றைந்து ஒக்டோபர் பதினாறு. அது திங்கட்கிழமை. தாங்கள் மண்டபத்து வாசலில் வந்து நின்றதற்கு முதல்நாள்.

அந்தத் திகதியை விரலால் தொட்டுக் காட்டினேன். தாங்கள் தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னது இது.

"எனக்கு மூன்று நாட்டில் வேலை போயிருக்கிறது. ஒரு இடத்தில் கதவில் கடதாசி ஒட்டினார்கள். ஒரு இடத்தில் பூட்டை மாற்றினார்கள். ஒரு இடத்தில் நான் போனபோது அணியே இல்லை. நீங்கள் மட்டும் சால்வை போர்த்தினீர்கள். போர்த்தும்போது உங்கள் தலைவரின் கை நடுங்கியது. இவ்வளவு வெட்கப்படுகிறவர்கள் என்னை மனதார அனுப்பவில்லை என்று நினைத்தேன். அனுப்பத்தான் நினைத்தார்கள் என்றால் வாயால் சொல்லட்டும், போய்விடலாம் என்று வந்தேன். பஸ்ஸில் வரும்போது பயமாகத்தான் இருந்தது. வாசலில் இருபது நிமிடம் நின்றேன். ஒருவரும் சொல்லவில்லை."

ஐயா, இந்த இடத்திலிருந்து தாங்கள் என்ற சொல்லை விட்டுவிடுகிறேன். நீங்கள் அந்தச் செவ்வாய்க்கிழமை வராமல் இருந்திருந்தால் இந்தக் கழகம் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டியிருக்காது. எங்களுக்கு ஒரு வரி சொல்லத் துணிவில்லை. அந்த ஒரு வரியைக் கேட்பதற்கு நீங்கள் பஸ் ஏறி வந்தீர்கள்.

இதையெல்லாம் மடலில் எழுத வேண்டாம் என்றுதான் செயற்குழு முதலில் சொன்னது. "மாஸ்டர், உது பிறேம் போட்டுக் குடுக்கிற சாமான். நல்லதை மட்டும் எழுதுங்கோ" என்றார் கணேசலிங்கம். அடுத்தநாள் விடிய வேலைக்குப் போகும் வழியில் தொலைபேசி எடுத்தார். "எழுதுங்கோ மாஸ்டர். என்ர கை நடுங்கினதையும் எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எழுதிவிட்டேன். முதல் மடலில் உங்களைப் பற்றி எழுதிய புகழ்மொழிகள் இருபத்திரண்டு. அவற்றில் ஒன்றைக்கூட அன்று நான் நம்பி எழுதவில்லை. இன்று எடுத்துப் பார்த்தேன், ஒன்றைக்கூட அடிக்க முடியவில்லை. அத்தனையும் உண்மையாகிவிட்டன. அன்று செய்ததற்கு இந்தச் சபை முன்னிலையில் கழகத்தின் சார்பிலும் என் சார்பிலும் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆறிலிருந்து அறுபத்தெட்டுவரை ஆட்டமே வாழ்வென வாழ்ந்த அன்பரே!

திசா ஆற்றங்கரைக் காற்று உங்கள் முழங்காலுக்கு இதமாக இருக்கட்டும். கண்ணில் செய்யவிருக்கும் சத்திரசிகிச்சை நலமே முடிந்து, தூரத்துக் கம்பத்தடியில் நிற்பவரும் தெளிவாய்த் தெரியட்டும். நாற்பத்திரண்டு வருடம் காத்திருந்த தங்கையின் கையால் வயிறாறச் சாப்பிட்டு, மனமாற நித்திரை கொண்டு, நோய்நொடி இன்றி நூறாண்டு வாழ்க. இந்த இரண்டையும் அங்கே உங்களிடம் கேட்பதற்கு ஆளிருக்கிறது என்பதே எங்கள் ஆறுதல். பழைய பொன்னாடையை நீங்கள் கழற்ற மறுப்பதால் புதியதை அதன் மேலேயே போர்த்துகிறோம்.

இந்த மடலில் விடை தருகிறோம் என்ற வரி இல்லை. வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் பயிற்சி இருக்கிறது. கூம்புகளை நான் அடுக்குவேன், பாண் பையை மகேந்திரராசா கொண்டுவருவார், கேட்க வேண்டிய இரண்டு கேள்வியையும் வாசலில் நின்று கேட்போம். ஆனால் ஆறு மணிக்கு விசில் ஊத மாட்டேன். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக ஐந்து நிமிடம் பிந்தித்தான் ஊதுவேன். உங்கள் விமானம் திங்கட்கிழமையே போய்விடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். என்றாலும் அந்த ஐந்து நிமிடமும் எல்லோரும் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்போம். இப்படி விழா எடுத்து அனுப்பிய பிறகும் ஒருமுறை வந்தவர் நீங்கள்.

இங்ஙனம்,
உங்களிடம் ஆட்டமும் நித்திரையும் பழகிய
வடதாரகை விளையாட்டுக் கழகத்தார்
தலைவர் கணேசலிங்கம், அணித்தலைவர் மகேந்திரராசா,
செயலாளரும் இரண்டாவது விசிற்காரனுமான அருமைராசா

மொன்றியல்
17 ஒக்டோபர் 1998