பிச்சாவரம் பத்து மைல்

என் வீட்டுக்காரர் எழுதினால் சேறுகூட மணக்கும். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அவரைப் பிடிக்காமல் நான் எதையும் செய்யவில்லை.

அவர் பெயர் நடனசபாபதி. சிதம்பரத்தில் தாவரவியல் வாத்தியார். பிச்சாவரத்துச் செடிகொடிகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் அறுபத்து மூன்றில் அச்சாகி வந்தது. சுரபுன்னைக் காய் தாய் மரத்திலேயே முளைவிட்டு, கீழே விழும்போது சேற்றில் குத்திட்டு நின்றுவிடும் என்று எழுதியிருப்பார். அந்தப் பக்கத்தை அடுப்படியில் படித்துப் படித்து எத்தனையோ நாள் குழம்பை அடிப்பிடிக்க விட்டிருக்கிறேன்.

பத்து மைல்தான். ஒருமுறை கூட்டிப்போங்கள் என்று பதினோரு வருஷம் கேட்டேன். வீட்டை விட்டால் கோயில், கோயிலை விட்டால் வீடு. எனக்கு மூச்சு முட்டியது.

"பொம்பளைக்கு அந்தச் சேத்துல என்னா வேலை, ராமாமிர்தம்? அதான் புஸ்தகத்துல எல்லாம் இருக்கே, படி" என்பார். கோபமாகச் சொல்லமாட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சரியென்று படித்தேன். நாற்பத்தோராம் பக்கம் தில்லை மரம். உதிரும் முன் அதன் இலை சிவப்பதை அவ்வளவு அழகாக எழுதியவர், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்பதை ஒரே வரியில் முடித்திருந்தார். மறு வருஷம் அவர் படம் வரைவதற்காகப் படகுக்காரர் பக்கிரி தில்லைக் கிளை ஒன்றை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். "பாலு வடியுது, தொட்றாதீங்கம்மா" என்று சொல்லித்தான் கொல்லையில் வைத்தார். நல்ல மனிதர், அவருக்கு இதில் சம்பந்தமில்லை.

மறுநாள் சனிக்கிழமை. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது என் வீட்டுக்காரர் கண்ணில் நான் இரண்டிரண்டு சொட்டு எண்ணெய் விடுவது வழக்கம். அன்று அந்த எண்ணெயில் தில்லைப் பாலைக் கலந்திருந்தேன். அவர் எப்போதும்போல அண்ணாந்து, கண்ணை நன்றாகத் திறந்து காட்டினார்.

ஐந்து வருஷமாக நான்தான் அவருக்கு அந்தப் புத்தகத்தை வாசித்துக் காட்டுகிறேன். நாற்பத்தோராம் பக்கத்தை மட்டும் விட்டுவிடுவேன். எழுதியவருக்கு அது தெரியாமலா இருக்கும்? ஒருநாளும் கேட்டதில்லை.

போன மாதம், "அந்தத் தண்ணி சத்தத்தையாவது ஒரு வாட்டி கேக்கணும், கூட்டிக்கினு போறியா?" என்றார்.

"அதான் புஸ்தகத்துல எல்லாம் இருக்கேங்க" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை.

நீயாவது போய்ப் பார்த்தாயா என்று கேட்கிறீர்கள். இல்லை. கண் தெரியாத மனிதரை வீட்டில் தனியே விட்டுவிட்டுப் போகிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரி இல்லை.