காலையும் மாலையும் ஒரு சொட்டு

கண்ணில் சொட்டு மருந்து விடுவது பார்க்கத்தான் சுலபம். கீழ் இமையை விரலால் லேசாக இழுத்துப் பிடிக்க வேண்டும். குப்பியின் முனை கண்ணில் படக்கூடாது. சொட்டு விழுந்ததும் மூக்கோரத்தை ஒரு நிமிடம் அழுத்திக்கொண்டால் மருந்து தொண்டைக்கு இறங்காது. இதையெல்லாம் என் மனைவிக்காகத்தான் கற்றுக்கொண்டேன்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிறவன். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். பிள்ளைகள் இல்லை, சண்டையும் இல்லை. கடைசி ஏழெட்டு வருடமாகப் பேச்சு என்றால் ‘கேஸ் தீந்துடுச்சு’, ‘சாவி எங்க வெச்சீங்க’, அவ்வளவுதான். ஒருநாள் எங்கள் கடை வாசலில் அவளுடைய கார் நின்றுபோனது. ஓட்டப் பழகிக்கொண்டிருந்தவரிடம், “பயப்படாதீங்க, பக்கத்துல நான் இருக்கேன்ல” என்றாள். அந்தக் குரலை நான் வீட்டில் கேட்டுப் பல வருடமாகியிருந்தது. சந்தேகம் என்று எழுதிவிடாதீர்கள். அவளைச் சந்தேகப்பட்டதே இல்லை. நான் இல்லாமலே அவளுக்கு எல்லாம் நன்றாக நடக்கிறது, அதுதான் உறுத்தியது.

பிறகு அவளுக்குக் கண்ணில் அழுத்தம் இருப்பதாக டாக்டர் சொன்னார். காலையும் மாலையும் ஒரு சொட்டு, ஆயுசுக்கும். விட்டுவிட்டால் பார்வை ஓரத்திலிருந்து போகும், போனது திரும்பாது.

குப்பியைக் கண்டாலே அவளுக்கு இமை மூடிக்கொள்ளும். அதனால் என் மடியில் தலைவைத்துப் படுப்பாள், நான் போடுவேன். ஒரு நிமிடம் பத்து நிமிடமானது, அரைமணியானது. கார் கற்க வந்த பல் டாக்டர் காரைப் பின்பக்கமாகவே ஓட்டிப் பூக்கடைக்குள் புகுந்த கதையைச் சொல்லிச் சிரித்தாள். ஒரு மாலை கண்ணைத் திறக்காமலே என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. புதுசாகக் கல்யாணமானவர்கள் போல இருந்தோம்.

அப்படி நான்கு மாதம். ஐந்தாம் மாதம் ஒரு காலை, குளியலறைக் கண்ணாடி முன் நின்று தானே போட்டுக்கொண்டிருந்தாள்.

“கத்துக்கிட்டேன் பாருங்க. இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்ல.”

“தொந்தரவுன்னு நான் சொன்னேனா?”

“சொல்லல. அதுக்காக எத்தனை நாளைக்கு உங்கள இழுத்தடிக்கறது?”

அன்று கடையிலிருந்து, கான்டாக்ட் லென்ஸ் கழுவும் உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் எடுத்து வந்தேன். மருந்தைக் கொட்டிவிட்டுக் குப்பியில் அதை நிரப்பினேன். விஷம் எதுவும் இல்லை. அது கண்ணை ஒன்றுமே செய்யாது.

அடுத்த பரிசோதனையில் அழுத்தம் ஏறியிருந்தது. “சொட்டு வெளிய விழுது போல. வீட்டுக்காரரே போடட்டும்” என்றார் டாக்டர். அவள் தலை திரும்ப என் மடிக்கு வந்தது.

அதோடு நிறுத்திவிடத்தான் நினைத்தேன். ஆனால் அழுத்தம் இறங்கினால் மறுபடி கண்ணாடி முன் போய் நிற்பாள். டாக்டர் மருந்தை மாற்றினார். நான் அந்தக் குப்பியிலும் உப்புத் தண்ணீரை நிரப்பினேன். ஆபரேஷன் பேச்சு வந்தபோது அவள் பயந்தாள், பொறுத்துப் பார்க்கலாம் என்றேன். “இப்பல்லாம் எரியறதே இல்ல. உங்க கை ராசி” என்று ஒருநாள் என் உள்ளங்கையில் முத்தமிட்டாள்.

இடது பக்கம் முதலில் போனது. கேட்டில் காரை உரசினாள். பிறகு சைக்கிளில் வந்த ஒருவரைக் கவனிக்காமல் இடித்தாள். அவருக்கு முழங்கையில் சிராய்ப்புதான். அன்றைக்கே வேலையை விட்டுவிட்டு வந்து என் தோளில் அழுதாள். அதன்பின் எங்கே போனாலும் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். கொடுத்துவைத்தவள் என்று தெருவில் சொல்வார்கள்.

போன மாதம் கடை வேலையாக இரண்டு நாள் வெளியூர் போனேன். துணைக்கு வந்திருந்த அவள் அக்காவின் கை தட்டிக் குப்பி உடைந்துபோக, புதிதாக வாங்கிப் போட்டிருக்கிறாள்.

“அக்கா, இது எரியுதே.”

“மருந்துன்னா எரியத்தான்டி செய்யும்.”

தங்கை எழுந்து போனாளாம். அலமாரியில் நான் நிரப்பி வைத்திருந்த இன்னொரு குப்பியைத் தடவி எடுத்து, நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாளாம். அக்கா சொன்னது இது.

நான் திரும்பியபோது மேஜையில் இரண்டு குப்பிகளும் இருந்தன. அவள் கத்தவில்லை.

“எத்தனை மாசம்?”

“பதினாலு.”

சுவரைத் தொட்டுக்கொண்டு எழுந்தாள். நான் கை நீட்டினேன். அது அவளுக்குத் தெரியவில்லையா, வேண்டாமென்று விட்டாளா என்று இதுவரை எனக்குப் புரியவில்லை. “அக்கா, போலீசுக்குப் போன் போடு” என்றாள்.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்தேதான் செய்தேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஒன்று மட்டும். உங்கள் ஸ்டேஷன் வாசலில் படி உயரமாக இருக்கிறது, கைப்பிடியும் இல்லை. வாக்குமூலம் கொடுக்க அவள் வரும்போது எனக்குச் சொல்லி அனுப்புங்கள். நான் போய் அழைத்து வருகிறேன். வேறு யார் கையும் அவளுக்குப் பழக்கமில்லை.