தவளைப் படத்தின் திரையிடல் உரிமை

எனக்குப் படம் பார்க்கும் பழக்கம் கிடையாது. பல்கலைக்கழக நூலகத்தில் படப்பிரிவுப் பொறுப்பாளராக இருந்தவன் இப்படிச் சொன்னால் சிரிப்பு வரும். சிரியுங்கள். என் வேலை படம் பார்ப்பதல்ல, மற்றவர்கள் பார்த்துவிடாமல் பார்த்துக்கொள்வது.

விளக்குகிறேன். பாடப் படத்தை வாங்கும்போது நூலகம் உரிமையையும் சேர்த்து வாங்குகிறது. ஒருவர் தனியாக உட்கார்ந்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்க்க ஓர் உரிமை. வகுப்பைக் கூட்டிவைத்துத் திரையில் காட்ட வேறோர் உரிமை. நாங்கள் பெரும்பாலும் முதலாவதோடு நிறுத்திக்கொள்வோம். அறிவு பரவட்டும், ஆனால் வரிசையில் நின்று, ஒவ்வொருவராகப் பரவட்டும்.

தவளைகளின் இனப்பெருக்கம் பற்றிய படம் அந்த முதல் வகை. அதை வகுப்புக்குக் காட்ட வேண்டும் என்று விலங்கியல் விரிவுரையாளர் வந்து நின்றார். அவர் என் மனைவியின் தம்பி.

“அத்தான், அடுத்த வாரம் பரீட்சை. ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டிட்டுத் தந்துடறேன்.”

“உரிமை இல்லப்பா. ஒவ்வொருத்தரா வந்து பார்க்கச் சொல்லு.”

“எல்லாரும் பார்த்து முடிக்கிறதுக்குள்ள தவளைக்கே வயசாயிடும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிடும்போது இதை எல்லோருக்கும் சொன்னான். “விட்டா தவளைகிட்டயே கையெழுத்து வாங்கிட்டு வரச் சொல்லுவாரு” என்றான். என் மனைவி புரையேறும்வரை சிரித்தாள். அவன்மேல் மனத்தாங்கல் ஏதாவது உண்டா என்று கேட்டீர்களே, அதற்காகச் சொல்கிறேன். கிடையாது. அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்ததே நான்தான்.

இரண்டொரு நாளில், தான் மட்டும் பார்ப்பதாகச் சொல்லிப் படத்தை வாங்கிப் போனான். சந்தேகப்பட்டு அடித்தளத்துத் திரையிடல் அறைக்குப் போனேன். சத்தம் வெளியே கேட்காமலிருக்க மெத்தை வைத்துத் தைத்த கதவு, ஜன்னல் கிடையாது. லேசாகத் திறந்து பார்த்தேன். இருட்டில் வரிசையாகத் தலைகள். திரையில் தவளை தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது, உரிமை பற்றிய கவலையே இல்லாமல்.

கதவைச் சாத்தி வெளியே பூட்டினேன். பதிவாளரை அழைத்து வந்து கையும் களவுமாகக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பதிவாளர் கூட்டத்தில் இருந்தார். குறுக்கே போவது மரியாதையல்ல என்று அவர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அபாய மணி அடித்தது. அடித்தளத்தில் ஏதோ மின்கம்பி புகைந்ததாம். மின்சாரம் வேறு பிரிவின் பொறுப்பு. எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். நானும் போய்ச் சேர்ந்தேன், சற்றுப் பிந்தி.

தீயணைப்பு அதிகாரி என்னிடம்தான் கேட்டார். “கீழ யாராவது இருக்காங்களா?”

“இல்லீங்க. இன்னைக்கு அங்க எந்தத் திரையிடலுக்கும் அனுமதி கொடுக்கல.”

பொய் சொன்னேன் என்கிறீர்கள். அனுமதி கொடுக்கவில்லை என்பது உண்மைதானே? அவர்கள் மாடிகளுக்கு ஏறினார்கள். கீழே இறங்கிக் கதவை உடைத்தபோது மாணவர்களில் சிலருக்கு உயிர் இருந்தது. அவனுக்கு இல்லை.

சாவி என்னிடம் இருந்ததைக் கண்டுபிடித்துவிட்டதாக உங்கள் ஆட்கள் பெருமைப்படுகிறார்கள். நானாக எடுத்துக் கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “மணி அடிச்சப்புறம் நீங்க கீழ போகவே இல்லையா?” அவளிடம் பதில் சொல்லவில்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன, போனேன். படியெல்லாம் புகை. கதவின் அடியிடுக்கருகே குனிந்து இருமினேன். இருமலை வைத்தே என்னை அடையாளம் கண்டுகொண்டான்.

“அத்தான், நீங்கதானே? திறங்க அத்தான்.”

சாவியைக் கையில்தான் வைத்திருந்தேன். ஆனால் வேலை நேரத்தில் என்னை உறவு சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று அவனுக்கு எத்தனை முறை சொல்வது?