கைக்கு எட்டுற ஸ்டாண்ட்

அற்புதராணி: …உதையேன் கழட்டினியள்? நல்லாத்தானே இருந்தது!

கொலின்ஸ்: இருந்தது. இன்னும் நல்லாக்கப்போறன்.

அற்புதராணி: நான் சங்கக்கடைக்குப் போட்டு வாறதுக்கிடையிலை முற்றம் முழுக்க இரும்பு. வெல்டிங் பெட்டி ஆற்றை?

கொலின்ஸ்: பக்கத்து வீட்டிலை இரவல். தள்ளி நில்லும் ராணி, பொறி பறக்கும்.

அற்புதராணி: மோட்டச்சைக்கிளின்ரை சைட் ஸ்டாண்டைக் கழட்டி… இந்த நீட்டுக் கம்பி என்னத்துக்கு?

கொலின்ஸ்: ஸ்டாண்டோடை சேர்த்து ஒட்டப்போறன். சீற் உயரத்துக்கு வரும். கையாலை இழுத்தால் ஸ்டாண்ட் விழும், தள்ளினால் எழும்பும்.

அற்புதராணி: கையாலையோ? ஊரெல்லாம் காலாலைதானே தட்டுது?

கொலின்ஸ்: ஊருக்கு மூளை இல்லை.

அற்புதராணி: உங்களுக்குக் கூடிப்போச்சு.

கொலின்ஸ்: சிரியும், சிரியும். மாரிக்குச் சந்தையடியிலை ஒரே சேறு. செருப்பு வழுக்கும்… அதுதான்.

அற்புதராணி: இப்ப எங்கை மாரி? தரை வெடிச்சுக் கிடக்குது.

கொலின்ஸ்: பேந்து வராதோ? கம்பியைப் பிடிக்க அந்தக் குறட்டை எடுத்துத் தாரும்.

அற்புதராணி: உண்மையைச் சொல்லுங்கோ… எங்கையும் விழுத்திப்போட்டியளோ?

கொலின்ஸ்: ஆர், நானோ? கத்தரிக்காய் மூட்டையோடை பண்டத்தரிப்பிலை இருந்து சுன்னாகம் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவன்—

அற்புதராணி: பொறுங்கோ. என்னவோ எரியிற மணம்.

கொலின்ஸ்: இரும்பு ஒட்டினால் மணக்கும்தானே.

அற்புதராணி: இது இரும்பில்லை. இறப்பர்… இல்லை, இது… ஐயோ! காலைத் தூக்குங்கோ!

கொலின்ஸ்: என்னப்பா?

அற்புதராணி: இடது கால்! ஒட்டிப் பாத்துப்போட்டுக் கீழை போட்ட இரும்புத் துண்டுக்கு மேலை நிக்கிறியள்! தூக்குங்கோ எண்டுறன்!

கொலின்ஸ்: எங்கை… ஆ.

அற்புதராணி: மாதாவே! செருப்பு உருகி ஓட்டையாய்ப் போச்சு. உள்ளங்கால்… தோலெல்லாம் வெள்ளையாய்…

கொலின்ஸ்: கத்தாதையும். சனம் ஓடி வரப்போகுது.

அற்புதராணி: வரட்டும்! இதிலை இருங்கோ. செருப்பை இழுக்காதையுங்கோ, தோலும் சேர்ந்து வரும். தண்ணி ஊத்துறன்… உங்களுக்குச் சுடேல்லையே?

கொலின்ஸ்: முதலிலை அந்த வெல்டிங் பெட்டியை நிப்பாட்டும்.

அற்புதராணி: உங்களைத்தான் கேக்கிறன். சுடேல்லையே?

கொலின்ஸ்: சுடேல்லை.

அற்புதராணி: இப்ப தண்ணி?

கொலின்ஸ்: ஊத்துறீரோ?

அற்புதராணி: கடவுளே… ஒரு வாளி முடிஞ்சுது.

கொலின்ஸ்: பஞ்சுக்கு மேலை நிக்கிற மாதிரி இருக்கும். உள்ளங்காலிலை இருந்து கணுக்கால் மட்டும். எல்லாம் உந்தச் சீனி வருத்தம்தான்.

அற்புதராணி: கிளினிக்கிலை சொன்னனீங்களோ?

கொலின்ஸ்: சொன்னால் காலை எடுக்கோணும் எண்டிடுவினம். சந்தையிலை எங்கடை தம்பிராசாவுக்கும் இதே வருத்தம்; முதலிலை ஒரு விரல் எடுத்தினம். பேந்து முழங்கால் வரைக்கும். பாத்தனீர்தானே.

அற்புதராணி: பொறுங்கோ… இடது காலாலைதானே கியர் போடுறது?

கொலின்ஸ்: ஓம்.

அற்புதராணி: எப்பிடிப் போடுறியள்?

கொலின்ஸ்: எஞ்சின் சத்தத்தைக் கேட்டு.

அற்புதராணி: சத்தத்தைக் கேட்டோ! போன ஞாயிறு பூசைக்கு என்னைப் பின்னாலை ஏத்தி… பேத்தியை முன்னாலை இருத்தி…

கொலின்ஸ்: மெள்ளத்தானே போனனான்.

அற்புதராணி: மெள்ளவாம்! உங்களுக்கென்ன விசரோ?

கொலின்ஸ்: ஏசும். இன்னும் இருக்கு, அதையும் கேட்டுப்போட்டு ஏசும். முந்தநாள் சந்தையடியிலை, ஸ்டாண்ட் விழுந்திட்டுது எண்டு நினைச்சு இறங்கினன். விழேல்லை. மூட்டையோடை மோட்டச்சைக்கிள் சரிஞ்சுது. பக்கத்திலை ஒரு பிள்ளைத்தாய்ச்சி…

அற்புதராணி: யேசுவே!

கொலின்ஸ்: ஒண்டும் ஆகேல்லை. ஒதுங்கிட்டுது. ஆனால் அந்தப் பிள்ளை வயித்தைப் பொத்திக்கொண்டு என்னைப் பாத்த பார்வை… அதுதான் ராணி, கையாலை போட்டால் போட்டதெண்டு தெரியும்.

அற்புதராணி: ஸ்டாண்டை மாத்தினால் கால் வருமோ?

கொலின்ஸ்: நான் ஓடாட்டி மரக்கறியை ஆர் கொண்டுபோறது? சொல்லும்.

அற்புதராணி: சாவி எங்கை?

கொலின்ஸ்: என்னத்துக்கு?

அற்புதராணி: ஆஸ்பத்திரிக்கு. மோட்டச்சைக்கிள் டபிள் ஸ்டாண்டிலைதானே நிக்குது.

கொலின்ஸ்: ஓட்டோவுக்குச் சொல்லும்.

அற்புதராணி: ஓட்டோ வருமட்டும் இந்தக் காலைப் பாத்துக்கொண்டிருக்கேலாது. பின்னாலை ஏறுங்கோ.

கொலின்ஸ்: பின்னாலையோ? உமக்கு மோட்டச்சைக்கிள் ஓடத் தெரியாதே…

அற்புதராணி: தெரியும். பாஸ்காத் திருநாளண்டு கோயிலாலை ஒரு செருப்போடை நடந்து வந்தியள். மற்றது கழண்டது உங்களுக்கே தெரியேல்லை. அண்டையிலை இருந்து, நீங்கள் மத்தியானம் படுத்தாப்போலை, இதைக் கேற்றடி தாண்டி உருட்டிக்கொண்டு போவன். பக்கத்து வீட்டுச் சுவர்ணாதான் ஓடப் பழக்கினவள். கால் கொஞ்சம் மரத்ததெண்டுதான் நினைச்சன், நெருப்பும் தெரியாதெண்டு நினைக்கேல்லை… நீங்களாய்ச் சொல்லுவியள் எண்டு வாயை மூடிக்கொண்டிருந்திட்டன். ஏறுங்கோ, என்னைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ.