விளக்கைக் கடைசியில் போடும் எங்கள் அக்காவுக்கு

போலிக்காரர்களின் கண்ணில் விரலை விட்டு ஆட்டிய பேராற்றலே! எறும்பின் கண்ணுக்கும் எட்டாத எழுத்தை எல்லைக்கோட்டுக்குள் ஒளித்துவைத்த எங்கள் ஏந்தலே! பாதுகாப்பு அச்சகத்தின் பரிசோதனைப் பிரிவுத் தலைவியாய் முப்பத்திரண்டு ஆண்டுகள் முத்திரை பதித்து, இன்று பணி நிறைவு பெறும் பூதக்கண்ணாடி அக்காவே, வணக்கம்.

சாய்த்தால் பச்சை, நிமிர்த்தினால் நீலமென நிறம் மாறும் மையும், ஜெராக்ஸ் எடுத்தால் 'நகல்' என்று தானே காட்டிக்கொடுக்கும் கோலமும், புற ஊதா விளக்கில் மட்டும் மிளிரும் முத்திரையும் உங்கள் மூளையில் முளைத்தவை. கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தால்கூட, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதானே மணமக்கள் பெயரையே படிப்பீர்கள்!

முதலில் விரல், அடுத்து வெளிச்சம், அதன்பின் லென்ஸ், புற ஊதா விளக்கு கடைசியில்தான். இது நீங்கள் வகுத்த வழி. "அக்கா தாளைத் தடவிக்கொடுத்தே பொழுத சாய்ச்சிடுவாங்க" என்று உங்கள் முதுகுக்குப் பின்னால் நாங்கள் கேலி பேசியதுண்டு.

அந்தக் கேலி, நம் அச்சகத்தில் அச்சான ஒரு செவிலியரின் சான்றிதழோடு அடங்கியது. வேலைக்குச் சேரப்போன மருத்துவமனையில் அதை விளக்கில் காட்டினார்கள். இருண்டு கிடக்கவேண்டிய நம் தாள், கடையில் வாங்கிய வெள்ளைத்தாளைப் போல நீலமாக ஒளிர்ந்தது, முத்திரை தெரியவில்லை. வேலை நின்றது, காவல் நிலையத்தில் புகார் கொடுக்கவும் ஏற்பாடானது. நம் ஒப்புதல் ஒன்றுதான் பாக்கி. "விளக்கே சொல்லிடுச்சே, போலின்னு எழுதிக் குடுங்க" என்றது நம் நிர்வாகம். "தாள் என் கைக்கு வராம ஒரு எழுத்தும் எழுத மாட்டேன்" என்றீர்கள்.

அந்தச் செவிலியரும் அவர் தாயும் தாளோடு வந்தார்கள். விரலுக்கு மையின் மேடு தட்டுப்பட்டது. வெளிச்சத்தில் நீர்க்குறி தெளிந்தது. லென்ஸில் நுண்ணெழுத்து பிசிறின்றி நின்றது. கடைசியாய் விளக்கைப் போட்டீர்கள். நீலம் சீராக இல்லை, திட்டுத்திட்டாய்ப் படர்ந்திருந்தது. தாயின் பக்கம் திரும்பினீர்கள்.

"இதுமேல சோப்புத் தண்ணி ஏதாச்சும் பட்டுச்சாம்மா?"

"அழுக்கா இருந்துச்சுங்க. புள்ள வேலைக்குப் போறாளேன்னு, சோப்புப் பவுடர் தண்ணியில துணிய நனைச்சு நான்தான் துடைச்சுக் குடுத்தேன்."

துணியை வெளுப்பாகக் காட்டும் பொடிதான் தாளையும் ஒளிரவைத்திருந்தது. நம் வெற்றுத்தாள் ஒன்றை அதே நீரில் துடைத்து, நிர்வாகத்தின் கண்முன்னே விளக்கில் காட்டினீர்கள். அதுவும் அப்படியே ஒளிர்ந்தது. 'அசல்' என்று எழுதிக் கையொப்பமிட்டீர்கள். என் கையாலேயே மகள் பிழைப்பைக் கெடுக்கப் பார்த்தேனே என்று அழுத தாயிடம், "அக்கறையில செஞ்சது, விடுங்கம்மா" என்றீர்கள்.

போலியைப் பிடிப்பதே நம் தொழில் என்று நிமிர்ந்து திரிந்தோம். அசலைக் கைவிடாததும் அதே தொழில்தான் என்று அன்று புரிந்தது. உங்களோடு ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தோம் என்பதில் எங்களுக்குக் கொள்ளைப் பெருமை.

கண்ணொளி குன்றாமல், கைவிரல் நடுங்காமல், உற்றார் சூழ, உடல்நலம் தழைக்க, நூறாண்டு கடந்தும் நீங்கள் வாழவேண்டும். இனியாவது கல்யாணப் பத்திரிகைகளைப் பெயர் பார்த்துப் படியுங்கள்.

அந்தச் செவிலியரையும் இவ்விழாவுக்கு அழைத்தோம். "வார்டுல டியூட்டிங்க, விட்டுட்டு வர முடியல. அக்காகிட்ட சொல்லிடுங்க" என்றார்.

சொல்லிவிட்டோம், அக்கா.

என்றும் உங்கள் அன்பில்,
பரிசோதனைப் பிரிவினரும் அச்சகப் பணியாளர் அனைவரும்