பழைய நாப்பத்தொண்ணு

இல்லண்ணே, இன்னிக்கு வரிசையில நிக்க வேணாம். இப்படி உள்ள வந்து உக்காருங்க. கையில பெயிண்டா? பரவால்ல, நாற்காலி பழசுதான்.

அடுத்த தேதியா? சொல்றேன். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும், கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க.

இங்க வர்ற ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு நம்பர் போடுவோம். என்ன மாதிரி வழக்குன்னு அந்த நம்பர்தான் சொல்லும். அதை வெச்சுத்தான் எந்த ஜட்ஜ்கிட்டப் போகணும்னு கம்ப்யூட்டர் பிரிக்கும். நீங்க மனு போட்டப்ப பொண்ணுக்குப் பதினாலு வயசு. பிரிஞ்சிருக்கிற பிள்ளையைப் பாக்க அனுமதி, நம்பர் நாப்பத்தொண்ணு. அடுத்த வருஷமே, எல்லாக் கோர்ட்டுக்கும் ஒரே பட்டியல்னு புதுசா ஒண்ணு அனுப்பினாங்க. அதுல உங்களோடது நூத்தி ஏழு. நாப்பத்தொண்ணுன்னா, போலீஸ் பிடிச்ச வண்டியைத் திருப்பிக் கேக்கறது.

மாத்தினது யாரா? நான்தாண்ணே. மூவாயிரம் கேஸ் கட்டு, ரெண்டு வாரம். ஒவ்வொண்ணையும் பிரிச்சுப் படிச்சு மாத்தணும்னு உத்தரவு. கடைசி நாள் ஒரு முப்பது கட்டு மிச்சம். மச்சினி வீட்டுக்குப் போகணும்னு வீட்டுக்காரி ரெண்டு போன் போட்டுட்டா. பழைய நம்பரே இருக்கட்டும்னு விட்டுட்டுக் கிளம்பிட்டேன். அதுல ஒண்ணு உங்களோடது.

ஆமா. வண்டி கேஸ் பாக்கற கோர்ட்டுலதான் கெடந்தது. வண்டி சோதனை அறிக்கை வரலைன்னு மாசாமாசம் தள்ளி வெச்சிருக்காங்க. சிரிக்காதீங்கண்ணே. திட்டினாக்கூடத் தாங்கிக்குவேன்.

தெரியாம நடந்ததுன்னு விட்டுடாதீங்க. போன வருஷமே என் கண்ணுல பட்டுச்சு. வண்டி நம்பர் இல்லாத கட்டுன்னு ஒரு லிஸ்ட் வந்தது, அதுல உங்க பேரு. திருத்தணும்னா, தப்பா ஏத்தினது யாருன்னு எழுதி சூப்பிரண்டுகிட்டக் கையெழுத்து வாங்கணும். எனக்குப் பதவி உயர்வு வர்ற நேரம். ஃபாரத்தை எழுதி மேஜை டிராயர்ல வெச்சேன். நீங்க அரை நாள் வேலையை விட்டுட்டு வருவீங்க. தேதி எழுதிக் குடுப்பேன். ரொம்ப நன்றி தம்பின்னுட்டுப் போவீங்க.  அப்பவும் நான் டிராயரைத் திறக்கலை.

அந்த ஃபாரத்தை நேத்துதான் குடுத்தேன். இன்னிக்குக் காலையில திரும்பி வந்துருச்சு. பொண்ணுக்குப் பதினெட்டு முடிஞ்சதால இனிமே யார் அனுமதியும் தேவையில்லை, மனுவை முடிச்சாச்சுன்னு.

இந்தாங்க, உங்க மனுவோட நகல். நீங்க போட்ட தேதி, கோர்ட்டு முத்திரை எல்லாம் இருக்கு. பொண்ணுகிட்டக் காட்டுங்க. கட்டாயம் காட்டணும்ணே.

எதுக்கா? திங்கக்கிழமை அந்தப் பொண்ணு இங்க வந்திருந்தது. உங்க பேரைச் சொன்னதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எங்க அப்பா என்னைப் பாக்கணும்னு எப்பவாவது மனு போட்டிருக்காரான்னு கேட்டுச்சு. நூத்தி ஏழுல மட்டும் தேடினேன். இல்லைம்மான்னு சொல்லிட்டேன். நல்லாப் பாருங்க சார்னு இன்னொரு தடவை கேட்டுச்சு. ஸ்கிரீனை அது பக்கம் திருப்பிக் காட்டினேன்.