ஆணி அடித்த ஜன்னல்

சாயங்காலம் நாலு மணிதான். ஆனால் மான்செஸ்டரில் மார்கழி மாதத்து நாலு மணி என்றால் நம் ஊர் நடுநிசி. கரிப்புகையும் பனியும் சேர்ந்து தெருவிளக்குகளை விழுங்கியிருந்தன. நீண்ட செங்கல் தெரு... ஆள் நடமாட்டம் இல்லை. தகரப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு சம்பந்தம் தனியாக நடந்தான்.

"தனியா இல்லன்னு சொல்லப்போறீங்க, அதானேண்ணே?" என்றான் முருகேசன்.

"கம்முனு கேளுபா."

சொன்னவர் கலியாணசுந்தரம். ஐப்பசி மழை விடாமல் பெய்ததில் சாயம் போட்ட பட்டு நூல் உலரவில்லை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அவர் வீட்டுத் தறிக்கூடத்தில், கரியடுப்புக்கு மேலே நூலைத் தொங்கவிட்டு, கருகாமல் திருப்பிப் போட நாலு பேர் கண்விழித்திருந்தார்கள். சம்பந்தம், அதாவது திருஞானசம்பந்தம், அவருடைய மச்சானின் தம்பி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் சாயப் படிப்புக்காகச் சீமைக்குப் போனவன்.

ஆறு நாளில் பத்தொன்பது வீடுகளின் கதவைத் தட்டியிருந்தான். வாசலில் 'அறை காலி' என்று அட்டை தொங்கும். கதவு திறக்கும். அவன் முகத்தைப் பார்ப்பார்கள். அறை போய்விட்டது என்பார்கள். அட்டை மட்டும் அங்கேயே தொங்கும். திங்கட்கிழமைக்குள் தங்குமிட விலாசம் எழுதிக் கொடுக்காவிட்டால் கல்லூரியில் சேர்க்கமாட்டார்கள். அடுத்த கப்பலில் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

இருபதாவது வீட்டில் மேரி என்ற கிழவி கதவைத் திறந்தாள். மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே விட்டாள்.

"ஒன்பது மணிக்குத் தாழ்ப்பாள் போட்டுவிடுவேன். ஜன்னலைத் தொடக்கூடாது. தொட்டால் அன்றைக்கே வெளியே."

மாடியறை. இரும்புக் கட்டில், கணப்பு, ஒரே ஜன்னல். அதன் சட்டத்தில் ஏழு ஆணிகள், தலைவரை இறங்கியிருந்தன.

"அந்த ஊரு ஜன்னலு கதவு மாதிரி தொறக்காதுபா. மேல தூக்கணும். ரெண்டு பக்கமும் கயிறு. கயித்து நுனியில இரும்புக் குண்டு, செவுத்துக்குள்ள தொங்கிக்கினு இருக்கும். குண்டு எறங்கினா ஜன்னலு ஏறும்," என்றார் கலியாணசுந்தரம்.

இரண்டு கயிறுகளும் அறுந்திருந்தன. இற்றுப்போய் அறுந்தவை அல்ல. கத்தியால் வெட்டியவை.

அறையில் ஒரு வாடை... ஈர இரும்பின் வாடை. கூடவே அவன் கொண்டுவந்து வைத்த சாயத் துணிகளின் நெடி. மூன்றாம் நாள் தலைவலியில் கண் திறக்க முடியவில்லை. ஆனால் அவன் ஜன்னலைத் தொட்டதற்கு அது மட்டும் காரணமில்லை.

"அறுந்து கெடக்குறத பாத்துக்கினு நம்ம கை சும்மா இருக்குமா?" என்றார் கலியாணசுந்தரம். மற்ற மூவரும் இல்லை என்று தலையாட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மேரி சர்ச்சுக்குப் போனதும் ஆணிகளைப் பிடுங்கினான். பக்கப் பலகையைக் கழற்றி, சுவருக்குள் விழுந்து கிடந்த குண்டுகளைக் கயிற்றோடு மேலே எடுத்தான். கணப்புச் சாம்பலை விரலில் தொட்டுக்கொண்டு, கயிற்று நுனிகளைப் புரி புரியாகப் பிரித்து, தறியில் அறுந்த பாவு இழையைச் சேர்ப்பது போல ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்த்தான். சேர்த்த இடம் தெரியவில்லை. ஒற்றை விரலுக்கு ஜன்னல் எழும்பியது. குளிர்காற்றை நெஞ்சு நிறைய இழுத்தான். மூடினான். மேரி கண்ணில் படாமல் திரையை இழுத்துவிட்டு, ஆணிகளைப் பெட்டியில் போட்டான்.

மறுநாள். நாலு மணி. இருட்டு.

சுவருக்குள் 'டொக்'.

சற்றுக் கழித்து... மறுபடி 'டொக்'. இரும்புக் குண்டு இறங்குகிறது.

திரை உள்பக்கம் உப்பியது. அதன் அடியில் விரல்கள் வந்தன. நகம் பெயர்ந்த விரல்கள். வெள்ளைக்காரன் விரல்கள் இல்லை... நம் நிறம். பிறகு தலை. ஈர மயிர். நெற்றியில் கரைந்துபோன ஸ்ரீசூர்ணக் கோடு. கழுத்து நிற்காமல் தோளில் சாய்ந்து கிடந்தது.

"கொஞ்சம் இடம் கொடுங்கோ..."

தமிழ்!

அந்த நேரம் படியில் மேரியின் செருப்புச் சத்தம் கேட்டது. பார்த்தால் இன்றைக்கே வெளியே. மறுபடி தெரு, மறுபடி அட்டைகள், கப்பல். சம்பந்தத்துக்கு வேறு நினைப்பு வரவில்லை. மேலே ஏறியிருந்த ஜன்னலை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்து, முழுப் பாரத்தோடு தொங்கினான்.

பச்சைக் கரும்பை முழங்காலில் வைத்து முறிக்கிற சத்தம்.

தலை உள்ளே. வெளியே கால்கள் சுவரை உதைத்தன. ஜன்னலைத் தூக்கினான்... மறுபடி இறக்கினான். மூன்று தடவை. நாலு தடவை. பாதத்தில் சூடாக வழிந்தது. உதடு மட்டும் 'இடம்... இடம்...' என்று அசைந்துகொண்டே இருந்தது. கால்கள் நிற்கும் வரை அவன் நிறுத்தவில்லை.

"போதும்ணே," என்றான் முருகேசன்.

மயிர் தீய்வது போல ஒரு வாடை எழுந்தது. அடுப்புக்கு மேலே நூல் கருகிக்கொண்டிருந்தது. திருப்பிப் போட ஒருவரும் எழவில்லை.

கதவு திறந்தது. விளக்கோடு மேரி. ஜன்னலுக்கு இந்தப் பக்கமும் ஒன்றும் இல்லை, அந்தப் பக்கமும் ஒன்றும் இல்லை. தரையில் ரத்தம் மட்டும், ஆவி பறக்க. அவள் கத்தவில்லை. இறங்கிப் போய் வாளியும் துணியும் கொண்டுவந்தாள். சுத்தியலும்.

"ஏழு வருஷம் ஆகிறது," என்றாள், துடைத்துக்கொண்டே. "இந்த அறைக்காரன்தான். ஒன்பது மணிக்கு மேல் வந்தான். கதவைத் தட்டினான், நான் திறக்கவில்லை. குழாயைப் பிடித்து ஏறினான். திருடன் என்று நினைத்து ஜன்னலை இறக்கினேன்... ஆணிகளை எங்கே வைத்தாய்?"

எடுத்துக் கொடுத்தான். அவளே அடித்தாள். அவனை வெளியே போகச் சொல்லவில்லை. அவனும் போகவில்லை.

"அதே ரூம்லயாண்ணே இருந்தான்?"

"ரெண்டு வருசம். வேற எவன்பா குடுப்பான்?"

பங்குனியில் அந்த விலாசத்துக்கு ஒரு காகிதம் வந்தது. சின்ன காஞ்சிபுரம் தபால் முத்திரை. அந்த வருஷத்து மாசி மாதத் தேதி. மேல் எழுதியிருந்தது அவன் பெயர் அல்ல. மேரி அதை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நின்றபடியே பிரித்தான்.

'சிரஞ்சீவி முரளீதரனுக்கு அம்மா அம்ருதவல்லி அநேக ஆசீர்வாதம். ஏழு வருஷம் கழித்து, மார்கழியில் நீ எழுதிய லிகிதம் கிடைத்தது. நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் அந்த அறைக்கு வந்திருக்கிறார், ஜன்னலைச் சரிசெய்துவிட்டார், நாளைக்கு உள்ளே போய்விடுவேன் என்று எழுதியிருந்தாய். அதற்கப்புறம் ஒரு வரியும் காணோம். உள்ளே போனாயோ? குளிருக்கு அவர் உனக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தாரோ?'